குதிரைக்காக ஒரு நாள்: ஃபேர்டனா, செல்லேயா?

வட ஜெர்மனியில் ஹனோவர், பிரேமன், ஹம்பர்க் பக்கம் குடியிருப்பவர்களுக்கோ சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கோ குதிரை மேல் கொஞ்சம் ஆசை இருந்தால், இரண்டு ஊர்ப் பெயர்கள் கட்டாயம் காதில் விழும். ஒன்று ஃபேர்டன், இன்னொன்று செல்லே. இரண்டும் கீழ் சாக்சனி மாநிலத்தில், ஆலர் என்ற ஒரே ஆற்றின் கரையில் இருக்கின்றன. மேலே செல்லே. ஆற்றோடு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே போனால் ஃபேர்டன். அதைத் தாண்டிய சில கிலோமீட்டரில் ஆலர் போய் வேசர் ஆற்றில் கலந்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைக்காகவே போகிறீர்கள் என்றால் ஃபேர்டன். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் மட்டும் விதிவிலக்கு, அப்போது செல்லே. ஊர் அழகுதான் முக்கியம், குதிரை இருந்தால் நல்லது என்பவர்களுக்கு எந்த மாதமானாலும் செல்லே. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1735-இல் இரண்டாம் ஜார்ஜ் செல்லேயில் ஓர் அரசுக் குதிரைப் பண்ணையைத் தொடங்கினார். அவர் இங்கிலாந்தின் மன்னர், ஹனோவர் நாட்டுக்கும் அவர்தான் ஆட்சியாளர். பண்ணையின் ஏற்பாடு எளிமையானது. பொலிகுதிரைகள் அரசுக்குச் சொந்தம், பெட்டைக் குதிரைகள் விவசாயிகளுக்குச் சொந்தம். நல்ல பொலிகுதிரையை விலைக்கு வாங்கி வருடம் முழுக்கத் தீனி போட்டு வைத்திருக்க ஒரு சாதாரண விவசாயியால் முடியாது. அதனால் இனப்பெருக்கக் காலம் வந்ததும் அரசுக் குதிரைகள் செல்லேயிலிருந்து கிளம்பிக் கிராமப்புற நிலையங்களுக்குப் போகும். விவசாயி தன் பெட்டைக் குதிரையை அங்கே ஓட்டி வந்து, சிறிய கட்டணம் கட்டி, இணை சேர்த்துக்கொண்டு போவார். பிறக்கிற குட்டி அவருடையது. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் அதை வைத்துக்கொள்ளலாம், நன்றாக வளர்ந்தால் படைக்கு விற்கலாம். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து உருவானதுதான் இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஹனோவர் குதிரை இனம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயலுக்கு டிராக்டர் வந்தது, படைக்கும் குதிரை தேவைப்படவில்லை. வளர்த்தவர்களின் பிழைப்பே கேள்விக்குறியானது. அந்தச் சூழலில்தான், 1949-இல், ஃபேர்டனில் சவாரிக் குதிரை ஏலம் ஆரம்பித்தது. குதிரைகளை முன்கூட்டியே ஊருக்குக் கொண்டுவந்து, தேர்ந்த சவாரியாளர்களை வைத்துப் பழக்கி, வாங்க நினைப்பவரை ஏறிப் பார்க்கவும் விட்டு, பிறகு ஏலம் விடுவார்கள். உழவுக் குதிரையாக இருந்த இனம் விளையாட்டுக் குதிரையாக மாறியதில் இந்த ஏலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜெர்மன் வீராங்கனை இசபெல் வெர்த் டிரஸ்ஸாஜ் என்ற நடை அழகுப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற ஜிகோலோ ஒரு ஹனோவர் குதிரை. தடை தாண்டும் போட்டியில் 2005, 2008, 2009 என மூன்று உலகக் கோப்பைகளை வென்ற ஷட்டர்ஃபிளையும் இதே இனம்தான். இனத்துக்கான வளர்ப்போர் சங்கத்தின் தலைமையகம் இன்றும் ஃபேர்டனில்தான் இருக்கிறது.

ஆக, செல்லேயில் இருப்பவை தகப்பன் குதிரைகள், ஃபேர்டனில் ஏலத்துக்கு வருபவை அவற்றின் பிள்ளைகள். ஒரே தொழிலின் இரண்டு முனைகள் இவை. அந்தத் தொழிலுக்கு ஒரு காலண்டர் உண்டு என்பதைப் பயணிகள் பலரும் கவனிப்பதில்லை. ஏறத்தாழ பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை செல்லேயின் பொலிகுதிரைகளில் பல வெளி நிலையங்களுக்குப் போய்விடும். வெயில் வந்துவிட்டது, மே மாதம், போகலாம் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனால் பழைய செங்கல் லாயங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். லாயங்களும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் குதிரை பார்க்க வந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பண்ணையைச் சுற்றிப் பார்க்கும் நேரங்களையும் வழிகாட்டி உலாக்களையும் முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

இலையுதிர் காலத்தில் நிலைமை தலைகீழ். பொலிகுதிரைகள் திரும்பியிருக்கும், வழக்கமாக செப்டம்பர் இறுதி வாரங்களில் அணிவகுப்பு நடக்கும். சீருடைப் பணியாளர்கள், பல குதிரை பூட்டிய பழைய வண்டிகள், இசைக்கு ஏற்ப வரிசை மாற்றி ஓடும் குழுச் சவாரி, சேணமே இல்லாமல் கையில் பிடித்து ஓட்டிவரும் இளங்குதிரைகள் என்று பல மணி நேரம் நீளும் நிகழ்ச்சி அது. சவாரி பற்றி ஒன்றும் தெரியாதவரும் ரசிக்கலாம். நுழைவுச்சீட்டை நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், தேதி அறிவித்த உடனே எடுத்துவிடுங்கள்.

ஃபேர்டன் வருடத்தின் எந்த மாதத்திலும் கைவிடாது. அதற்குக் காரணம் அங்குள்ள ஜெர்மன் குதிரை அருங்காட்சியகம். 1927-இல் தொடங்கியது, இப்போது ஒரு பழைய குதிரைப்படைக் குடியிருப்புக் கட்டடத்தில் இயங்குகிறது. நான் ஃபேர்டனை முன்னே வைப்பதற்கு முக்கியக் காரணமே இந்த இடம்தான். குதிரைப் பந்தயக் கோப்பைகளை வரிசையாக அடுக்கிய கூடமாக இதை ஆக்கிவிடவில்லை. காட்டு விலங்காக இருந்தது எப்படி மனிதனோடு வந்தது, எப்படிப் போருக்குப் போனது, வயலில் எப்படி உழைத்தது, கடைசியில் எப்படி விளையாட்டுத் துணையானது என்று நீண்ட கதையாகக் கொண்டுபோகிறார்கள். உழைத்த குதிரைக்கும் ஜெயித்த குதிரைக்கும் ஒரே மரியாதை. எனக்கு அது மிகவும் பிடித்தது.

வாசலில் நிற்கும் வெண்கலக் குதிரையைப் பார்க்காமல் உள்ளே போய்விடாதீர்கள். அதன் பெயர் டெம்பல்ஹ்யூட்டர். அன்று ஜெர்மனியோடு இருந்த கிழக்குப் பிரஷ்யாவின் டிராகேனன் பண்ணையில் இருந்த புகழ்பெற்ற பொலிகுதிரை. 1732-இல் நிறுவிய அந்தப் பண்ணையின் 200-ஆம் ஆண்டு விழாவுக்காக இந்தச் சிலையை வார்த்தார்கள். 1945-இல் போர் முடிகிற நேரத்தில் சோவியத் படை சிலையை எடுத்துக்கொண்டு போனது, மூலச்சிலை இன்று மாஸ்கோவில் இருக்கிறது. ஃபேர்டனில் நிற்பது அதன் நகல். அந்தப் பண்ணை இருந்த மண் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி. 1945 குளிர்காலத்தில் அங்கிருந்து மக்கள் குதிரை வண்டிகளில் பனியினூடே மேற்கே தப்பி வந்தார்கள். அந்தப் பண்ணையில் உருவான டிராகேனர் குதிரை இனத்தில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். வந்து சேர்ந்த குதிரைகளிலிருந்துதான் இனத்தை மேற்கு ஜெர்மனியில் மறுபடி கட்டியெழுப்பினார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சிலை முன்னால் நின்றால் பார்வையே வேறாக இருக்கும்.

ஏல நாட்களில் ஃபேர்டன் இன்னும் சுவாரசியம். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் குதிரைகளை ஓட்டிக் காட்டும்போது ஓரமாக நின்று பார்க்கலாம். வாங்குபவர்கள் ஒரு குதிரையின் நடையையும் முதுகையும் கால் மூட்டையும் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம். இப்போது இணைய ஏலங்களும் நடப்பதால், மண்டபத்தில் நடக்கும் தேதிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, ஊர் எப்படி? இங்கே செல்லே தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழைய நகர்ப்பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 மரச்சட்ட வீடுகள், தெருத் தெருவாக, உத்தரங்களில் செதுக்கலும் வண்ண எழுத்துமாக நிற்கின்றன. 1532-இல் கட்டிய ஹோப்பனர் வீட்டின் முன் அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நில்லுங்கள், மரத்தில் செதுக்கிய முகங்கள் ஒவ்வொன்றாகத் தென்படும். வெள்ளைச் சுவர் அரண்மனை 1705 வரை பிரபுக்களின் இருப்பிடம். உள்ளே மறுமலர்ச்சிக் காலத்து ஓவியங்கள் நிறைந்த சிறிய தேவாலயமும், 17-ஆம் நூற்றாண்டு நாடக அரங்கும் உண்டு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தங்கையும் டென்மார்க்கின் ராணியுமான கரோலின் மத்தில்டெ, 1772-இல் டென்மார்க் அரசவை மருத்துவருடனான காதல் வெளியே தெரிந்தபின் நாடு கடத்தப்பட்டு வந்து தங்கியது இந்த அரண்மனையில்தான். 1775-இல், 23 வயதில், இங்கேயே இறந்தார். நகரத் தேவாலயத்தில் அடக்கம்.

1740-இல் கட்டிய யூத வழிபாட்டு மன்றத்தையும் விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து சாதாரண மரச்சட்ட வீடு போலத் தெரியும். 1938 நவம்பரில் நாஜிகள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள், ஆனால் தீ வைக்கவில்லை. வைத்தால் பக்கத்து வீடுகளும் தொழிற்கூடமும் சேர்ந்து எரியும் என்பதுதான் காரணம்.

ஃபேர்டனின் பெருமை கதீட்ரல். பெரிய பச்சைச் செம்புக் கூரையும், 12-ஆம் நூற்றாண்டின் செங்கல் கோபுரமும். ஆற்றுப் பக்கமாகப் போய்ப் பாருங்கள். பக்கத்திலுள்ள ஆண்ட்ரியாஸ் தேவாலயத்தில் 1231-இல் இறந்த ஆயர் இஸோவின் பித்தளைக் கல்லறைத் தகடு இருக்கிறது, ஐரோப்பாவின் மிகப் பழையவற்றில் ஒன்று. தெருக்கள் அமைதியானவை, அழகானவையும்கூட. ஆனால் செல்லேயிலிருந்து வந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதுபோல இருக்கும்.

வரலாற்றின் கனமான பக்கத்தை இரண்டு ஊர்களும் சுமக்கின்றன. 782-இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் ஃபேர்டனில் 4,500 சாக்சன்களைக் கொன்றதாக பிராங்கிய ஆண்டேடு சொல்கிறது. எண்ணிக்கையைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. 1930-களில் நாஜிகள் அதைத் தங்கள் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே 4,500 பாறைகளை நட்டு நினைவுத்தோப்பு அமைத்தார்கள். இப்போது அந்த வளாகம் திருச்சபையின் இளைஞர் இல்லம். செல்லேயிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் போனால் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் நினைவிடம், ஆன் ஃபிராங்க் இறந்த இடம். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் குதிரை, மதியம் அங்கே என்று திட்டம் போடாதீர்கள்.

போய்வருவது எளிது. பிரேமனில் இருப்பவர்களுக்கு ஃபேர்டன் ரயிலில் அரை மணிக்குள், ஹனோவரில் இருப்பவர்களுக்குச் செல்லே அதே அளவு நேரம். நண்பர்கள் சேர்ந்து போனால் நீடர்சாக்சன் டிக்கெட் ஒன்றே போதும், ஒரு நாள் முழுக்க வட்டார ரயில்களில் ஐந்து பேர் வரை போகலாம். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும். அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை கவலைப்பட வேண்டாம், இரண்டு ஊர்களிலும் வெள்ளை அஸ்பாரகஸும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். கூடவே வைக்கும் ஹாம் (பன்றி இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக எம்ஸ் ஆற்றங்கரையின் வாரண்டார்ஃப் ஊரையும் சிலர் சொல்வார்கள். 1826-இல் தொடங்கிய அரசுப் பண்ணையும், ஜெர்மன் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைமையகமும் அங்கே உண்டு. 1956 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் சவாரிப் போட்டியில் காயத்தோடு ஏறிய ஹான்ஸ் குந்தர் விங்க்லரைச் சுமந்து தங்கம் வாங்கித் தந்த ஹல்லா என்ற பெண் குதிரையின் கதை தெரிந்தவர்களுக்கு அது விங்க்லர் வாழ்ந்த ஊர். மூன்ஸ்டர் பக்கம் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். ஹனோவரிலிருந்தோ பிரேமனிலிருந்தோ அதற்காகவே கிளம்ப வேண்டியதில்லை.

வார இறுதி முழுக்கக் கையில் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. ஆலர் சைக்கிள் பாதை இரண்டு ஊர்களையும் இணைக்கிறது, தரை பெரும்பாலும் சமதளம். செல்லேயில் கிளம்பி, நடுவில் ஓர் இரவு தங்கி, ஃபேர்டனில் முடியுங்கள், நீரோட்டத்தின் திசையிலேயே போகலாம். திரும்பும் ரயிலில் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு எடுக்க வேண்டும்.