சவர்டோ ஸ்டார்ட்டர்: கிட் வாங்கலாமா, மில் மாவே போதுமா?

பாக்கெட் ஈஸ்ட் போடாமல், இயல்பாகப் புளித்த மாவை வைத்துச் சுடும் ரொட்டி சவர்டோ; அந்தப் புளித்த மாவுதான் ஸ்டார்ட்டர். அதில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டி, புது மாவும் தண்ணீரும் சேர்ப்பதற்குப் பெயர் ஊட்டுவது. ஆன்லைனில் 'சவர்டோ ஸ்டார்ட்டர் கிட்' என்று ஒரு பெட்டி பல பெயர்களில் விற்கிறது. பெரும்பாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஒரு கண்ணாடி ஜாடி, துணி மூடி, ரப்பர் பேண்ட், சிலிக்கான் கரண்டி, உலர்ந்த ஸ்டார்ட்டர் பொட்டலம், செய்முறை அட்டை. முதல் தடவை ரொட்டி சுடப் போகிறவருக்கு இதில் எது உதவும், எது பரணுக்குப் போகும் என்று பார்ப்போம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தராசு இல்லாத கிட் வேண்டாம். வீட்டில் தராசு இருந்தால் கிட் என்பதே வேண்டாம்.

1 கிராம் துல்லியம், 5 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் கிச்சன் தராசு போதும். டம்ளர் கணக்கு இட்லிக்குச் சரி. இங்கே மாவும் தண்ணீரும் எடை பார்த்தே போகவேண்டும்; ஒரே கப்பில் தளர்வாக அள்ளிய மாவுக்கும் அழுத்தி அள்ளிய மாவுக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். மலிவுத் தராசுகளில் ஒரு கோளாறு உண்டு. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் எண் நகராது. மெதுவாக ஏறுகிற எடையைத் தராசு கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். பாதி வேலையில் தானாக அணைந்துபோவதும் இவற்றுக்கு வழக்கம். அதனால் ஜாடியின் காலி எடையை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஜாடியிலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். தினமும் எவ்வளவு எடுத்து வைப்பது, எவ்வளவு கொட்டுவது என்ற கணக்கு அந்த ஒரு எண்ணில் முடிந்துவிடும்.

கிட்டில் வரும் ஜாடியைவிட வீட்டில் காலியான ஜாம் பாட்டில் மேல். 500 மில்லி, அகல வாய், நேர்ச் சுவர் இருந்தால் நல்லது; தோள் வைத்த பாட்டிலில் கரண்டி எட்டாத மூலையில் மாவு காய்ந்து அங்கேதான் பூசணம் பிடிக்கும். ஊறுகாய் பாட்டிலின் மூடியில் பூண்டு வாடை போகவே போகாது, தவிர்த்துவிடுங்கள். எவர்சில்வர் டம்ளரால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் மாவு எவ்வளவு ஏறியது என்று வெளியே தெரியாது. மூடியை இறுக்கித் திருகக் கூடாது, வாயு வெளியேற இடம் வேண்டும். துணி மூடி பார்க்க அழகு. நம் ஊர் வெயிலில் மேல்பரப்பு காய்ந்து தோலாகும், பழ ஈ நெய்தல் இடுக்கில் புகும். மூடியைச் சும்மா மேலே வைத்து, பாட்டிலை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் எறும்புக்கும் சேர்த்து முடிந்தது.

அடுத்தது உலர்ந்த பொட்டலம். இந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, உயிருள்ள ஸ்டார்ட்டரைக் காய வைத்துப் பொடித்தது. இன்னொன்று, பேக்கரிகள் புளிப்புச் சுவைக்காகச் சேர்க்கும் சவர்டோ பவுடர். இதில் ஈஸ்ட் உயிரோடு இருக்காது. லேபிளில் 'டீஆக்டிவேட்டட்' என்றோ 'ஈஸ்ட் சேர்த்துப் பயன்படுத்தவும்' என்றோ இருந்தால் அது இரண்டாவது வகை. எத்தனை நாள் ஊட்டினாலும் எழுந்திருக்காது.

முதல் வகை வேலை செய்யும். 5 கிராம் பொடியை 20 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, 20 கிராம் மாவு கலந்து, அடுத்த நாளிலிருந்து வழக்கம்போல் ஊட்டினால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தயார். மிச்சமாவது நாலைந்து நாள்தான். ஆனால் '100 வருடப் பழமை', 'சான் ஃபிரான்சிஸ்கோ பரம்பரை' என்ற வரிகளுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த நகரத்தின் பெயர் தாங்கிய லாக்டோபேசில்லஸ் சான்ஃபிரான்சிசென்சிஸ் பாக்டீரியாவை 1971-ல் அந்த ஊர் சவர்டோவிலிருந்துதான் பிரித்தெடுத்து விவரித்தார்கள்; ஆனால் ஐரோப்பிய சவர்டோக்களிலும் அது இருக்கிறது. ஜாடிக்குள் யார் நிலைப்பார்கள் என்பதை நீங்கள் போடும் மாவும், அடுப்பங்கரைச் சூடும், ஊட்டும் இடைவெளியும்தான் முடிவு செய்யும்.

மாவில் மில்லில் அரைத்த முழுக்கோதுமைக்கே முதல் இடம். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதிகம் இருப்பது கோதுமையின் மேல்தோலான தவிட்டில். சலிக்காமல் எடுங்கள், அரைத்த சூடு முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். பாக்கெட் ஆட்டாவும் சரிவரும். 'மல்ட்டிகிரெய்ன்' மட்டும் வேண்டாம், அதிலுள்ள சோயாவும் கடலையும் வாடையைக் குழப்பும். மைதாவை மட்டும் வைத்துத் தொடங்கினால் இரண்டு வாரம்கூட இழுக்கும், தவிடு இல்லையே. வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் 'ரை' மாவைக் கம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு தானியம். இறக்குமதி ரை வேகமாகப் புளிக்கும், ஆனால் அதன் விலைக்கு அவசியம் இல்லை.

சக்கியில், அதாவது கல் மில்லில் அரைத்த மாவில் மாவுச்சத்துத் துகள்கள் அதிகம் நசுங்கியிருப்பதால் தண்ணீரைக் கூடுதலாக இழுக்கும். எனவே 30 கிராம் மாவுக்கு 35 கிராம் தண்ணீர். பதம் தோசை மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிடத் தளர்வு. கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரை அப்படியே ஊற்றலாம்.

இனி அந்த ஒரு வாரம். கிட் அட்டைகள் சறுக்குவது இங்கேதான்: 'குமிழி வந்தால் தயார்' என்று எழுதிவிடுகிறார்கள்.

முதல் நாள் 30 கிராம் மாவு, 35 கிராம் தண்ணீர், உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலக்கி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இரண்டாம் நாள், 30 டிகிரிச் சூட்டில், இரட்டிப்பாகப் பொங்கி நிற்கும். இட்லி மாவு அரைத்துப் பழகிய கை இதைப் பார்த்ததும் 'பொங்கிடுச்சு' என்றே சொல்லும். ஏமாற வேண்டாம். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. ஜாடியில் இரண்டாம் நாள் வாயு விடுவதும் பெரும்பாலும் அதே வகையறாவும் அதன் கூட்டாளிகளும்தான். இட்லிக்கு அது போதும். மாவை ஊற்றி ஆவியில் வைத்துவிடுகிறோம். ரொட்டிக்கு வேண்டியது ஈஸ்ட், அது இன்னும் விழிக்கவே இல்லை. முகர்ந்தால் தெரியும்: வாளியில் ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை.

20 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டி, மறுபடி 30 மாவு, 35 தண்ணீர். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒன்றுமே நடக்காது. ஒரு குமிழி, இரண்டு குமிழி, தண்ணீராக இளகிய மாவு. செத்துவிட்டது என்று பெரும்பாலானோர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அமிலம் ஏறி, பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-ஐ நெருங்க, முதலில் ஆடியவர்கள் அடங்கிவிட்டார்கள். புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ்கள் பொறுப்பேற்கின்றன. அந்தப் புளிப்பில்தான் ஈஸ்ட் எழும். ஆகவே இந்த நாட்களில் ஒரு வேளை ஊட்டினால் போதும். பயந்துபோய் இரண்டு மூன்று வேளை மாவு போட்டால், சேர்ந்த அமிலம் நீர்த்துப்போய், அமைதிக் காலம்தான் நீளும்.

இந்தக் காலத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு: முதல் இரண்டு நாள் தண்ணீருக்குப் பதில் அதே எடை அன்னாசிச் சாறு. ஆரம்பத்திலேயே புளிப்பு இருப்பதால் பொய்ப் பொங்கலும் நாற்றமும் குறையும். தயிர், பழைய இட்லி மாவு, திராட்சை எல்லாம் சேர்க்கச் சொல்வார்கள், அவசியம் இல்லை. தயிரின் பாக்டீரியா பாலுக்குப் பழகியது.

ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வாடை மாறும்: பழுத்த பழமும் லேசான மோரும் கலந்த மாதிரி. குமிழி மேலே மட்டும் நுரையாக நிற்காமல் ஜாடிச் சுவர் முழுக்கச் சல்லடைபோல் தெரியும். இப்போதிருந்து மாவில் பாதியை மைதாவாக்கலாம். ஊட்டிய நான்கைந்து மணி நேரத்தில் இரட்டிப்பாகி, அப்படித் தொடர்ந்து மூன்று ஊட்டலில் தவறாமல் நடந்தால் ரொட்டிக்குத் தயார். தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். இரண்டாம் நாள் பொய்ப் பொங்கலும் மிதக்கும். தளர்வான நல்ல ஸ்டார்ட்டர் சில சமயம் மூழ்கும்.

வெளிநாட்டு அட்டைகளில் இருக்கும் 1:1:1, அதாவது பழையது, மாவு, தண்ணீர் சம எடை என்ற விகிதம் குளிர்ந்த சமையலறைக்கானது. சென்னை, மதுரை வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சரிந்து, மீதி நேரம் பட்டினி கிடக்கும். பட்டினியின் அடையாளம் நெயில் பாலிஷ் வாடை, மேலே தேங்கும் பழுப்புத் தண்ணீர். கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீரை வடித்துவிட்டு 10 கிராம் பழையதுக்கு 50 மாவு, 55 தண்ணீர் என்று மாற்றினால் ஓரிரு நாளில் சரியாகும். 35 டிகிரியைத் தாண்டும் அடுப்பங்கரையில் ஈஸ்ட் தளர்ந்து புளிப்பு மட்டும் ஓடும். பாட்டிலை மண்பானைப் பக்கம் நகர்த்துங்கள். உதகை, கொடைக்கானலில் இதே வேலைக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். ரோஸ், ஆரஞ்சுக் கோடுகளோ, முடி முளைத்த பூசணமோ தெரிந்தால் மட்டும் மேலே வழித்து எறிந்து சமாளிக்கப் பார்க்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

முதல் வாரத்தில் கழிப்பதைச் சாப்பிட வேண்டாம். ஸ்டார்ட்டர் நிலைத்த பிறகு கழிப்பதை ஃப்ரிட்ஜில் சேர்த்து, கோதுமை தோசையிலோ அடையிலோ ஒரு கரண்டி கலக்கலாம். புளிப்பு தூக்கும், ஓரம் முறுகும்.

தினமும் ஊட்ட முடியாதவர்கள் ஊட்டிய ஒரு மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் ஒரு முறை வெளியே எடுத்தால் போதும். நன்றாகப் பொங்கும் நாளில் இரண்டு ஸ்பூன் எடுத்து பட்டர் பேப்பரில் மெல்லியதாகத் தடவி, மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் காய விட்டு, நொறுக்கி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். கிட்டில் தனி விலை போட்டு விற்கும் அந்தப் பொட்டலம் இதுதான்.