கல்லாவும் சிட்டிங் கடனும்: ஒரு ஸ்கின் கிளினிக் மென்பொருளோடு நான்கு ஆண்டுகள்

2022 ஆடி மாதம் எங்கள் கிளினிக்கில் உட்கார இடமில்லை. இரண்டு சிகிச்சை அறைகளும் காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை ஓய்வின்றி நடந்தன. ஆனாலும் மாதக் கடைசியில் சம்பளம் போட என் சொந்தச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்தேன். மென்பொருளைத் திறந்தால் முதல் திரையிலேயே ஒரு சிவப்பு அம்பு கீழே இறங்கியிருந்தது. வருமானம் முந்தைய மாதத்தில் பாதிகூட இல்லை. ஆடியில் யார் வருவார்கள், அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் ஆட்கள் வந்துகொண்டுதானே இருந்தார்கள்?

விடை கண்ணெதிரே இருந்தும் எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. வைகாசி முகூர்த்தங்களை ஒட்டித் தள்ளுபடி அறிவித்து, வேண்டாத முடியை நீக்கும் லேசர் பேக்கேஜ்களை விற்றிருந்தோம். சிட்டிங் என்றால் ஒருமுறை வந்து செய்துகொள்ளும் சிகிச்சை. ஆறு சிட்டிங்குக்கான பணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டோம். வளரும் பருவத்தில் இருக்கும் முடியின் வேரைத்தான் லேசர் சரியாகத் தாக்கும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் அந்தப் பருவத்தில் இருப்பதில்லை. அதனால் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு முதல் எட்டு வாரம் விட வேண்டும். வைகாசியில் வாங்கிய பணத்துக்கு ஆடியிலும் ஆவணியிலும் ஐப்பசியிலும் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மென்பொருள் பச்சை அம்பு போட்டுக் கொண்டாடிய அந்த வைகாசியில் நாங்கள் பெரும் கடன் வாங்கியிருந்தோம்.

அண்ணி தோல் மருத்துவர். 2021 ஆவணியில் திருச்சி தில்லைநகரில் இந்த மையத்தைத் தொடங்கினார். கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. வெளிநாடுகளில் மெடிக்கல் ஸ்பா என்பார்கள். நம் ஊரில் ஸ்கின் கிளினிக் என்றால் எல்லோருக்கும் புரியும். திறந்த இரண்டாம் மாதமே ஆண்டுச் சந்தா கட்டி ஒரு கிளினிக் மென்பொருள் வாங்கினோம். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. வாங்கும் முன் பார்த்த மற்ற இரண்டும் ஏறக்குறைய இதே வார்ப்புதான். இப்படி ஒரு மையம் நடத்துபவர்களுக்கும், நடத்த நினைப்பவர்களுக்கும் என் நான்கு ஆண்டுப் பாடு பயன்படட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாயின்ட்மென்ட் பகுதி அருமை. முதல் நாள் மாலை வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் போகத் தொடங்கியதும், சொல்லாமல் வராமல் இருப்பவர்கள் கண்கூடாகக் குறைந்தார்கள். ரசீது, இருப்புக் கணக்கு, முகத்தில் குழிகளை நிரப்பும் ஃபில்லர் ஊசிகளின் காலாவதித் தேதி எச்சரிக்கை எல்லாம் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கின்றன. இவற்றுக்காக மட்டுமே சந்தாவைப் புதுப்பிக்கலாம்.

தொழில் எப்படிப் போகிறது என்று அதனிடம் கேட்டால்தான் சிக்கல். முதல் திரையில் அது காட்டுவது இன்று கல்லாவுக்கு வந்த பணம். ஒரு பேக்கேஜுக்கு 23,600 ரூபாய் வாங்கினால் 23,600 என்றே காட்டும். அன்றைய விகிதப்படி அழகுச் சிகிச்சைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; அதில் 3,600 ரூபாய் அரசுக்கு உரியது. சேவைக்கு முன்பணம் வாங்கினாலே வரி கட்டும் பொறுப்பு வந்துவிடுகிறது, வேலை முடியும்வரை காத்திருக்க முடியாது. மீதி 20,000 ரூபாயில் முதல் சிட்டிங் முடிந்த அன்று நாங்கள் சம்பாதித்தது ஆறில் ஒரு பங்கு, அதாவது மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். ஆடிட்டர் ஒரு வெள்ளைத் தாளில் இதை எழுதிக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் தேதியில் ஒரே ஒரு எண்ணை எடுக்கிறோம்: பணம் வாங்கிவிட்டு இன்னும் கொடுக்காத சிட்டிங்குகள் எத்தனை. எங்கள் ஊழியர்கள் அதைச் ‘சிட்டிங் கடன்’ என்கிறார்கள். மென்பொருளில் அந்த அறிக்கை இருக்கிறது, ஆனால் நான்கு திரைகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அதிலும் அது முதலில் தவறாகவே வந்தது. சிகிச்சை முடிந்ததும் ‘முடிந்தது’ என்று குறிக்காமல் விட்டால் அந்த சிட்டிங் கடனாகவே நிற்கும். அம்மாவும் மகளும் ஒரே பேக்கேஜைப் பகிர்ந்துகொண்டால் யாருடைய கணக்கில் கழிப்பது என்று அதற்குத் தெரியாது.

பிழையைக் கண்டுபிடிக்க உதவியது லேசர் இயந்திரம்தான். தோலில் வைத்து ஒளியைச் செலுத்தும் அதன் கைப்பிடிக்கு (ஹேண்ட்பீஸ்) ஆயுள் இத்தனை ஷாட், அதாவது இத்தனை ஒளித்துடிப்பு என்று கணக்கு உண்டு. எத்தனை ஷாட் அடித்தது என்பதை இயந்திரமே எண்ணிக்கொண்டு வரும். திறக்கும்போதும் பூட்டும்போதும் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். அன்று பதிவான சிட்டிங்குகளுக்கு ஆகக்கூடிய ஷாட்டைவிட அதிகமாக ஓடியிருந்தால், ஏதோ ஒரு சிட்டிங் பதிவாகவில்லை. யாரையும் சந்தேகித்துச் செய்ததல்ல. கூட்ட நேரத்தில் கை ஓயாத பெண்கள் கணினிப் பக்கம் போக மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் கணக்கு நேரானது. இருபது ரூபாய்க் குறிப்பேடு செய்த இந்த வேலையை எந்த மென்பொருளும் எனக்குச் செய்து தரவில்லை.

திரும்பி வருபவர்களின் எண்ணிக்கையிலும் இப்படி ஒரு குழப்பம். முதல் ஆண்டில் புதியவர்கள் குவிகிறார்கள், பழையவர்கள் திரும்புவதில்லை என்று அறிக்கை சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணி மனம் உடைந்துபோனார். தோண்டிப் பார்த்தால், முத்துலட்சுமி என்ற பெயரை வரவேற்பில் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாகத் தட்டியிருந்தார்கள். மென்பொருளுக்கு அவர் மூன்று புது வாடிக்கையாளர். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் எல்லா இடத்திலும் இது நடக்கும். கைப்பேசி எண்ணை அடையாளமாக வைத்தோம், அதிலும் ஒரே வீட்டின் மூன்று பெண்களுக்கு அப்பாவின் எண் வந்து நின்றது. எண்ணோடு பிறந்த ஆண்டையும் சேர்த்த பிறகுதான் தீர்ந்தது. உங்கள் மையத்திலும் புதியவர் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால், விளம்பரத்துக்கு இன்னும் செலவழிக்கும் முன் பெயர்ப் பட்டியலை ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள்.

ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதை நாங்கள் கைவிட்டோம். எங்கள் தொழில் முகூர்த்தத்தோடு ஓடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தையிலிருந்து திரும்பவும் சூடு பிடிக்கும். ஆங்கில மாதம் ஒவ்வொன்றும் இரண்டு தமிழ் மாதங்களில் கால் வைத்து நிற்பதால் மென்பொருளின் வரைபடம் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் எக்செலில் தமிழ் மாதவாரியாக எடுத்து, ஆடியை ஆடியோடும் தையைத் தையோடும் வைத்துப் பார்க்கிறோம். ஆடிட்டருக்கு ஆங்கில மாதக் கணக்கு தனியாகப் போகிறது.

அறைக் கணக்கு விரைவாகச் சொல்லக்கூடியது. கால் முழுவதும் லேசர் செய்ய, துடைத்துச் சுத்தம் செய்வதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், கட்டணம் 5,000 என்று வையுங்கள். அக்குளுக்கு இருபது நிமிடம், 1,500. பெரிய ரசீது முதலாவது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முதலாவது தருவது ஏறத்தாழ 3,300, இரண்டாவது 4,500. இது தெரிந்த பிறகு விலையைக் கொஞ்சம் மாற்றினோம், சனி ஞாயிறு மாலைகளில் நீண்ட சிகிச்சைகளைக் குறைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். மென்பொருளில் ‘கன்வர்ஷன்’ என்று ஒரு சதவீதம் உண்டு. ஆலோசனைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதே அது. அதை வைத்து ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னார், நாங்களும் ஓராண்டு கொடுத்தோம். சதவீதம் ஏறியது. அந்த ஆண்டில்தான் ஒரு கல்லூரி மாணவி தாடையில் முடி என்று வந்தாள். முகம் கழுத்து எல்லாவற்றுக்கும் பேக்கேஜ் எழுதி, அண்ணியைப் பார்க்கும் முன்பே முன்பணமும் வாங்கிவிட்டார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அண்ணியிடம்தான் அவள் சொன்னாள். பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறு இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால் லேசர் செய்த இடத்தில் முடி திரும்பத் திரும்ப முளைக்கும். அண்ணி அவளை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, என்னை உள்ளே அழைத்தார்.

“பானு, நான் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் உன் கணினி அதைத் தோல்வி என்று எழுதுகிறதா?”

“ஆமாம் அண்ணி.”

“அப்படியானால் அது அளப்பது என் தொழிலை அல்ல.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஊக்கத்தொகையை நிறுத்தி அதே தொகையைச் சம்பளத்தில் சேர்த்தோம். ‘மருத்துவர் வேண்டாம் என்றார்’ என்று தனிக் காரணம் ஒன்றைச் சேர்க்க மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. குறிப்புப் பெட்டியில் எழுதி, மாதக் கடைசியில் நானே எண்ணுகிறேன். அந்த எண் பூஜ்யமாக இருக்கும் மாதத்தில்தான் எனக்குக் கவலை வருகிறது.

அதே பிரதிநிதி இன்னொன்றும் சொல்லியிருந்தார்: பணம் கட்டிவிட்டு வராமல் போகிறவர்களின் சிட்டிங் முழு லாபம், கவலைப்படாதீர்கள் என்று. பேக்கேஜ் காலாவதியானதும் கடன் கணக்கிலிருந்து தானாகவே நீக்கும் வசதியும் உண்டு. அதை அணைத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது சிட்டிங்குக்குப் பிறகு பத்து வாரமாக வராதவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் நானே தொலைபேசியில் அழைக்கிறேன். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்கள் உண்டு, தேர்வுக் காலம் என்பவர்கள் உண்டு, வலி தாங்கவில்லை என்றவர்களும் உண்டு. ஒரு பெண் மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காலில் கருப்பாகிவிட்டது அக்கா, சொல்லக் கூச்சமாக இருந்தது” என்றாள்.

நம் நிறத்துத் தோலில் இந்த ஆபத்து அதிகம். முடியின் கருநிறத்தைத் தேடிப் போகும் ஒளியைத் தோலின் கருநிறமும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சக்தியைக் குறைத்து, குளிர்வித்து, இடைவெளி விட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. அவளை அன்றே வரச் சொன்னோம். அண்ணி மருந்து கொடுத்தார், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கருமை மங்கப் பல மாதங்கள் ஆயின. மென்பொருளின் கணக்கில் அவள் காலாவதியாகப் போகும் ஒரு பேக்கேஜ், எங்களுக்கு வரவிருந்த லாபம். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கலங்குகிறது.

அதன் பிறகு இரண்டு விஷயங்கள் எங்கள் மாதக் கணக்கில் நிரந்தரமாகச் சேர்ந்தன. ஒன்று, கருமை, கொப்புளம், தீக்காயம் என எந்தப் பாதிப்பு வந்தாலும் எத்தனை, எந்த உதவியாளர், லேசரின் சக்தியை எந்த அளவில் வைத்துச் செய்தது என்ற பதிவு. தண்டிப்பதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் இப்போது அவர்களாகவே வந்து சொல்கிறார்கள். இரண்டாவது, படம். முதல் சிட்டிங்குக்கு முன்பும் மூன்றாவதற்கு முன்பும் ஒரே சுவர், ஒரே விளக்கு, தரையில் ஒட்டிய ஒரே கோட்டில் நிற்கவைத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே எடுக்கிறோம். மூன்றாவது சிட்டிங்கில் படத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் நான்காவதைச் செய்வதா என்று அண்ணி வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசுகிறார். இந்தப் படங்கள் மென்பொருளில் ஏறுவதில்லை. பூட்டிய தனிக் கணினியில் இருக்கின்றன. இணையத்தில் போடுங்கள், கூட்டம் வரும் என்று பலர் சொல்லியும் போடவில்லை.

முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி மருந்தை வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒரு குறிப்பேடு தொங்குகிறது: காலையும் மாலையும் வெப்பநிலை, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று. மின்தடை வந்த நாள்களில் கூடுதலாக ஒரு முறை.

வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் மூன்றைக் கேளுங்கள். கொடுக்க வேண்டிய சிட்டிங்குகளை முதல் திரையில் காட்ட முடியுமா? முழுத் தரவையும் எக்செலில் எடுக்க முடியுமா? சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் நம்மிடம் இருக்குமா? கடைசிக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தது, அதனால் ஒவ்வொரு மாதமும் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன்.

சிட்டிங் கடனுக்கு இப்போது ஒரு வரம்பு வைத்திருக்கிறோம்: இரண்டு அறைகளும் இரண்டு மாதத்தில் செய்து முடிக்கக்கூடியதற்கு மேல் போனால் பேக்கேஜ் விற்பனையை நிறுத்திவிடுவோம், வைகாசியாக இருந்தாலும் சரி. 2025 வைகாசியில் ஒன்பது நாள் நிறுத்தினோம். வரவேற்பில் இருக்கும் பெண் பணத்தோடு வந்தவர்களிடம், “ஒரு சிட்டிங்குக்கு மட்டும் கட்டுங்கள் அக்கா, அடுத்ததை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆடியில் சம்பளம் முதல் தேதியே போனது.