2:04.6-இல் இருந்து 1:55.9 வரை: டைம் அட்டாக் காருடன் மூன்று ஆண்டுகள்

இந்தக் காரை டிராக்கில் ஓட்டத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. மொத்தம் 34 டிராக் நாட்கள். 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், முன்சக்கர ஓட்டம், மேனுவல் கியர் கொண்ட ஹேட்ச்பேக். முதல் நாள் போகும்போதே இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப்பும் எக்ஸாஸ்டும் மாற்றியிருந்தேன். வேறு எதையும் தொடவில்லை. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள, வலஞ்சுழியாக ஓடும் அந்த டிராக்கில் அன்று கிடைத்த நேரம் 2 நிமிடம் 4.6 வினாடி. இப்போது அதே டிராக்கில், அதே காரில், 1 நிமிடம் 55.9 வினாடி. இடையில் உள்ள 8.7 வினாடி எங்கிருந்தெல்லாம் வந்தது, எதில் போட்ட பணம் வரிசை தவறிப் போட்டது, எந்தப் பாகம் எத்தனை நாள் தாங்கியது என்பதை எழுதுகிறேன். காரில் என்னென்ன மாற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

டைம் அட்டாக் ஜப்பானில் வளர்ந்த போட்டி. 2.045 கிலோமீட்டர் நீளமுள்ள சுகுபா டிராக்கை ஒரு நிமிடத்துக்குள் சுற்றி வருவதுதான் அங்கே நெடுங்காலமாக ஒரு பெரிய அளவுகோல். பக்கத்தில் முந்திப் போக யாரும் இல்லை, கடிகாரம்தான் எதிராளி. பத்து லேப் (சுற்று) ஓடினாலும் கணக்கில் ஏறுவது ஒரே ஒரு லேப். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் காரைத் தயார் செய்யும்போது நான் அதை மறந்துவிட்டேன். முதல் ஆண்டு முழுக்க, 20 நிமிட செஷனைக் கார் எப்படித் தாங்கும் என்றே யோசித்து எல்லாவற்றையும் அமைத்தேன். முதல் சூடான லேப்பில் கார் தன் முழுத் திறனைத் தருகிறதா என்ற கேள்வி இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. அந்தக் கேள்வி வந்த பிறகு, வாங்கியிருந்த ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் என் கருத்து மாறியது.

டயரில் தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய பங்கு அதனுடையது. சாலை டயரைக் கழற்றிவிட்டு ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 வகை டயர் போட்ட அன்றே 3.1 வினாடி குறைந்து 2:01.5 வந்தது. இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லை. ட்ரெட்வேர் எண்ணை டயர் தயாரிப்பாளரே தன் சோதனையை வைத்துப் போடுகிறார் என்பதால், 200 என்று எழுதியிருக்கும் இரண்டு டயர்கள் ஒரே மாதிரி பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். நான் இரண்டு வகை ஓட்டினேன். ஒரு வகை, இரண்டாவது அல்லது மூன்றாவது லேப்பில்தான் பிடிக்கத் தொடங்கும். ஆனால் ஏழெட்டு லேப் வரை அப்படியே நிற்கும். மற்றொன்று வெளியே வந்த முதல் லேப்பிலேயே சூடாகி, அடுத்த லேப்பில் உச்சத்தைத் தொட்டு, நான்காவது லேப்பில் வழுக்க ஆரம்பிக்கும். நாள் முழுக்க ஓட்டி மகிழ முதல் வகை அருமை. நேரம் எடுக்க இரண்டாவது வகைதான்.

காற்றழுத்தத்தில் நான் செய்த தவறு ஒரு வருடம் நீடித்தது. அனுபவமுள்ள ஒருவர் ‘குளிர்ந்த நிலையில் 26 பிஎஸ்ஐ வை, சூடானதும் 33 வரும்’ என்று சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் அவர் ஓட்டுவது நீண்ட ஓட்டங்கள், 33 வருவது ஐந்தாவது லேப்பில். எனக்குத் தேவையான முதல் வேக லேப்பில் டயரில் 29, 30தான் இருந்தது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து, கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். சஸ்பென்ஷனில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டே இருந்தேன். இப்போது முன் டயர்களில் 29 வைத்துக் கிளம்புகிறேன். கார்கள் நிற்கும் பிட்டிலிருந்து வெளியே வந்து டயரைச் சூடாக்கும் அவுட் லேப் முடிந்து, தொடக்கக் கோட்டைக் கடக்கும்போது 33 ஆகிவிடும். நான்காவது லேப்பில் 37 தாண்டும், பிடிப்பு குறையும். அதனால் என்ன? அதற்குள் நான் பிட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

பிரேக்கைப் பொறுத்தவரை, அது நேரத்தைக் குறைத்ததா என்று தனியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது சரியில்லாமல் வேறு எதுவும் பயன்படாது. மூன்றாவது டிராக் நாளில், நான்காவது லேப், நேர்பாதையின் முடிவு. ஏறக்குறைய 180 கிலோமீட்டர் வேகத்தில் பெடலை மிதித்தேன். கால் பஞ்சுக்குள் இறங்குவது போலத் தரை வரை போனது. மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது மிதியில்தான் பெடல் கெட்டிப்பட்டது. அதற்குள் பாதையைத் தாண்டி ஜல்லிப் பரப்பில் பாதி தூரம் போய்விட்டேன். கார் நின்ற பிறகு வலது கால் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. பிரேக் ஆயில் ஒன்றரை வருடம் பழசு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரத்தில் உள்ள அளவு 155 டிகிரிதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் திரவம். கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் உள்ளே போகும். அன்றிலிருந்து 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸ் ஆயிலை, மூன்று டிராக் நாளுக்கு ஒருமுறை புதிதாக ஊற்றுகிறேன். கூடவே டிராக்குக்கான பிரேக் பேட், முன் பம்பரிலிருந்து டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய். நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) போடவே இல்லை; இந்த எடைக்கு, இரண்டு மூன்று வேக லேப்புக்கு, அது தேவைப்படவும் இல்லை.

அப்புறம் சஸ்பென்ஷன். காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய பாகம்) போட்டு, பின் சீட்டுகளையும் தரை விரிப்பையும் எடுத்து எடையைக் குறைத்து, முன் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும் கோணத்தை, மைனஸ் 3 டிகிரிக்குக் கொண்டுபோனேன். நேரம் 1:59.9 ஆனது. இந்த 1.6 வினாடியில் பெரும்பகுதி கேம்பருடையது என்றே நினைக்கிறேன். டயருக்குள் ஊசி குத்தி வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தேன். பழைய அமைப்பில் இடது முன் டயரின் வெளி விளிம்பு 108 டிகிரி, உள் விளிம்பு 82. அதாவது பாதி டயர்தான் வேலை செய்துகொண்டிருந்தது. கேம்பர் மாற்றிய பிறகு உள்ளே 95, வெளியே 91. விலையில் சின்னக் கருவி. இந்தக் காருக்காக வாங்கியவற்றில் அதற்கு இணையாக நான் மதிப்பது இன்னும் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் பெரிய டர்போ. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 210 குதிரைத்திறன் 265 ஆனது. நேர்பாதையில் உச்ச வேகம் 183-இலிருந்து 191-க்கு ஏறியது. ஓட்டும்போது மூன்று வினாடியாவது குறைந்திருக்கும் என்று தோன்றியது. திரையில் பார்த்தால் 0.6 வினாடி. மெதுவான வளைவுகளை விட்டு வெளியேறும்போது உள்பக்க முன் டயர் சும்மா சுழன்றது. கூடுதல் சக்தி புகையாகப் போனது. அதைவிடப் பெரிய பிரச்சினை வெப்பம். கிளம்பும்போது 41 டிகிரி இருந்த இன்டேக் காற்று (இன்ஜினுக்குள் போகும் காற்று), முதல் வேக லேப் முடிவில் 58, இரண்டாவது லேப்பில் 72. காற்று சூடாகும்போது இன்ஜினைக் காப்பாற்ற இசியூ இக்னிஷன் டைமிங்கைக் குறைத்துவிடும் (தீப்பொறியைத் தாமதமாக்கும்), சக்தி இறங்கும். இரண்டாவது லேப் எப்போதும் ஒரு வினாடி மெதுவாகவே வந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரும், வெளிக்காற்று பக்கவாட்டில் தப்பாமல் அதன் வழியாகவே போக அலுமினியத் தகட்டில் செய்த தடுப்பும் போட்ட பிறகுதான் இரண்டு லேப் தாங்கியது. தகட்டுத் தடுப்பை நானே வெட்டிப் பொருத்தினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் டர்போவைக் கடைசியில்தான் தொடுவேன்.

சரி, நான் சொன்ன அந்த இன்னொரு கருவி டேட்டா லாகர். வினாடிக்கு 25 முறை இடத்தையும் வேகத்தையும் பதிவு செய்யும் ஜிபிஎஸ் லாகர். இதை வாங்கிய பிறகு ஏறக்குறைய ஓராண்டு காரில் எதையும் மாற்றவில்லை. நேரம் 1:59.3-இலிருந்து 1:57.1-க்கு வந்தது. 2.2 வினாடி, முழுக்க ஓட்டுவதில்.

ஐந்தாவது வளைவை மட்டும் சொல்கிறேன். நீளமான வலது வளைவு, ஏறக்குறைய 120 மீட்டர். எனக்கு மிகப் பிடித்த வளைவு. அதற்குள் எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறேன் என்பதில் பெருமையாகவும் இருந்தது. லாகர் வரைந்த வேகக் கோட்டைப் பார்த்தால், தாமதமாகப் பிடித்து, பயந்து, தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்து, வளைவின் நடுவே 80-இல் உருண்டுகொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180-இல் வரும்போது பிரேக்கை 5 மீட்டர் தள்ளிப் பிடித்தால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு வினாடி. வளைவு முழுக்க 80-க்குப் பதில் 83-இல் போனால் 0.2 வினாடி, அதோடு அந்த 3 கிலோமீட்டர் வேகம் அடுத்த நேர்பாதைக்கும் கூடவே வரும். அதனால் பிரேக்கை முன்னைவிடச் சற்று முன்னாலேயே பிடித்து, ஆனால் திடீரென்று விடாமல், ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் காலை மெல்ல எடுக்கப் பழகினேன். முன் டயரில் எடை நிற்கும், கார் மூக்கைத் திருப்பும். கேட்கச் சுலபம். காலுக்குப் பழக நான்கு டிராக் நாட்கள் ஆயின.

லாகரில் நான் முதலில் பார்ப்பது வேறு ஒரு எண். டிராக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அன்று கிடைத்த சிறந்த நேரங்களைக் கூட்டினால் வரும் கற்பனை லேப்புக்கும், உண்மையாக ஓடிய சிறந்த லேப்புக்கும் உள்ள இடைவெளி. தொடக்கத்தில் அது 1.4 வினாடி. இப்போது 0.3. இடைவெளி ஒரு வினாடி இருக்கும்போது காருக்குப் புதுப் பாகம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

அதன் பிறகு போட்ட பிளேட் வகை எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) 0.9 வினாடி குறைத்தது. முன்சக்கர ஓட்டக் காருக்கு இது வரம். வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் வெளியே ஓடாமல் உள்ளே இழுக்கிறது. ஆனால் சாலையில் ஸ்டீயரிங் கனமாகிவிடும், மெதுவாகத் திரும்பும்போது கடகடவென்று சத்தம் வரும். தினமும் இதே காரில் வேலைக்குப் போகிறவர்கள் யோசித்து முடிவெடுங்கள். காரைக் கீழ்நோக்கி அழுத்தும் விங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 180-இல் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 60-இல் கிடைக்கும். எங்கள் டிராக்கில் மெதுவான வளைவுகள் அதிகம். பின் விங் மட்டும் போட்டபோது வேக வளைவில் கார் நேராகப் போகப் பார்த்தது. முன்னால் ஸ்ப்ளிட்டர் (பம்பருக்குக் கீழே நீளும் தட்டு) வைத்ததும் சமநிலை வந்தது. இரண்டும் சேர்ந்து 0.3 வினாடி.

தேய்மானம். முன் வீல் பேரிங் இரண்டு முறை மாற்றினேன். அகல டயரும் கேம்பரும் சேர்ந்தால் அது தாங்காது. முதலில் வந்த அறிகுறி, இடது வளைவில் கேட்காமல் வலது வளைவில் மட்டும் கேட்கும் ஒரு மெல்லிய ரீங்காரம். காயில்ஓவரில் பின் இடது பக்கம் 14 மாதத்தில் எண்ணெய் கசிந்தது. விற்றவர் வாரன்டி தர மறுத்துவிட்டார், சொந்தச் செலவில் ரீபில்ட் செய்தேன். முன் டிஸ்க்கில் மயிரிழை விரிசல்கள் வந்ததால் மூன்று ஜோடி போயின. ஆயில் கூலர் போட்டதிலிருந்து ஆயில் 120 டிகிரியைத் தாண்டவில்லை, இன்ஜின் உள்ளே எதையும் திறக்க நேரவில்லை. எடையைக் குறைக்க 10 லிட்டர் பெட்ரோலோடு போய்ப் பார்த்தேன். ஐந்தாவது வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, இன்ஜின் இருமியது. டர்போ காரில் அந்த இருமல் பிஸ்டனையே உடைக்கும். இப்போது 20 லிட்டருக்குக் கீழே இறக்குவதில்லை.

நாள் நடைமுறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு செஷனில் எட்டு லேப். இப்போது ஒரு அவுட் லேப், இரண்டு வேக லேப், ஒரு குளிர்விக்கும் லேப், உள்ளே. வெயில் ஏறுமுன் இரண்டாவது செஷன்தான் என் நேரத்துக்கான செஷன்: முதல் செஷனில் மற்றவர்கள் ஓடிப் பாதையைச் சுத்தம் செய்திருப்பார்கள், காற்று இன்னும் குளிர்ந்திருக்கும்.

1:55.9 அப்படி ஒரு செஷனில்தான் வந்தது. அந்த லேப்பில் ஒன்பதாவது வளைவு வெளியேற்றத்தில் 0.2 வினாடி விட்டிருக்கிறேன், வேகக் கோட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டு ஒரு கணம் எடுத்திருக்கிறேன். இப்போது பின் ரீபவுண்டை (அமுங்கிய சஸ்பென்ஷன் மீண்டு வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இரண்டு கிளிக் மென்மையாக்கி வைத்திருக்கிறேன். முன் டயர்கள் புதிது, இன்னும் ஒரு லேப் கூட ஓடாதவை. அடுத்த குளிர்ந்த காலைக்குக் காத்திருக்கிறேன்.