சுழல் காந்தத் தொப்பி: டெஸ்லாவைப் பார்த்து வாங்காதீர்கள்

மூளையைக் காந்தத்தால் தூண்டும் கருவியைத் தலையில் மாட்டும் அளவுக்குச் சுருக்க இரண்டு வழிகள் உண்டு. மருத்துவமனைக் கருவியின் காயிலையே (கம்பிச் சுருளையே) சிறிதாக்குவது ஒன்று. சின்ன, ஆனால் வலிமையான நியோடிமியம் காந்தங்களைத் தொப்பியில் பொருத்தி மோட்டாரில் சுழற்றுவது இன்னொன்று.

காயில் வழி ஏன் கடினம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 2000 வோல்ட் வரை ஏற்றி 16 மைக்ரோஹென்றி காயிலில் இறக்கினால் உச்ச மின்னோட்டம் 5000 ஆம்பியர், துடிப்பு ஒன்றுக்கு 200 ஜூல். விநாடிக்கு 10 துடிப்பு கொடுத்தால் 2 கிலோவாட். இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். மீதி காயிலைச் சுட வைக்கும். 2013-இல் அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்கு அனுமதி பெற்ற கையடக்கக் கருவி ஒற்றைத் துடிப்போடு நின்றுகொண்டது.

ஆக, எடை குறைவாக, பேட்டரியில் ஓட வேண்டுமென்றால் சுழல் காந்தம்தான். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பெட்டி அட்டையில் 0.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) என்று போட்டிருக்கும். நரம்பணுவுக்கு அந்த எண் முக்கியமில்லை; புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் முக்கியம். 0.5 டெஸ்லா காந்தம் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் மேற்பரப்பில் விநாடிக்குச் சுமார் 1250 டெஸ்லா. மருத்துவமனைக் காயிலில் இது 20,000-ஐத் தாண்டும். போதாக்குறைக்கு, சிறு காந்தத்தின் புலம் ஏறக்குறைய தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது: காந்த மையத்திலிருந்து 5 மி.மீ.இல் இருப்பது 25 மி.மீ.இல் 125-இல் ஒரு பங்கு. மருத்துவமனைக் கருவியைப் போல மூளையைத் தூண்டிக் கட்டை விரலைத் துடிக்க வைப்பதை இதில் எதிர்பார்க்கவே கூடாது. காந்தங்களை அடுக்கினாலும் பயன் குறைவு. மோட்டார்கள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து (ஒரே கட்டத்தில்) சுற்றாவிட்டால் புலங்கள் கூடாது.

சோதிப்பது எளிது. 10 மி.மீ. விட்டத்தில் 10 சுற்று மெல்லிய செப்புக் கம்பி, ஒரு ஆசிலோஸ்கோப் (மின்னழுத்த அலையைத் திரையில் காட்டும் கருவி). விநாடிக்கு 1000 டெஸ்லாவுக்குச் சுமார் 0.8 வோல்ட் வரும். முதலில் கம்பிச் சுருளைத் தொப்பியோடு ஒட்டி வைத்து அளக்கவும், பிறகு 20 மி.மீ. மரத்துண்டு இடையில் வைத்து. கடைசியில் காந்தத்தைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டவும். அப்போதும் தெரியும் அலை மோட்டாருடையது, கழித்துவிட வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். அதிர்வெண்ணையும் பாருங்கள், பக்கத்துக் காந்தம் இழுக்கும்போது அட்டையில் சொன்ன வேகம் வராது.

முதலில் பழுதாவது காந்தத்தைப் பிடித்திருக்கும் ஒட்டுப்பசை. அந்த வேகத்தில் காந்தம் நழுவினால் சமநிலை கெட்டு பேரிங் இரைகிறது. நியோடிமியம் உடையக்கூடியது, சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். மூடிய உறை இல்லாத தொப்பியைத் தொடவே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில் கொடுக்கும் போலித் தூண்டலுக்கு காந்தமேற்றாத, அதே எடையுள்ள உருளை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டால் சத்தமும் அதிர்வும் போய், அணிபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு இது நல்ல கருவி. மனச்சோர்வுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். சுவிட்சை அணைத்தாலும் காந்தம் காந்தம்தான்: மூளை நீரை வடிக்கத் தலையில் பொருத்தி, காந்தத்தால் திருப்பும் ஷன்ட் வால்வு, காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்திருப்பவர் அருகில் இதைக் கொண்டுவரவே கூடாது. இந்த எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.