மதுரை மேற்கா, உசிலம்பட்டியா: எதைக் கோட்டை என்பது?

என் சித்தப்பா வீடு மதுரை மேற்குத் தொகுதியில் இருக்கும் கோச்சடையில். தாய்மாமா வீடு உசிலம்பட்டியில். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி தேனி ரோட்டைப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான். ஆனால் குடும்ப விசேஷத்தில் இந்த இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டால் ரசம் வருவதற்குள் தேர்தல் பேச்சு வந்துவிடும். "உங்க ஊரு ஒரே சாதிக் கோட்டை, யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே சொல்லிரலாம்" என்பார் சித்தப்பா. "உங்க ஊருல காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் சாய்வாங்க" என்பார் மாமா.

இருவர் சொல்வதையும் கணக்கோடு வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். 2021 வரையிலான முடிவுகளைப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி.

முதலில் உசிலம்பட்டி. இந்தத் தொகுதியைப் பேசும்போது பி.கே. மூக்கையாத் தேவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1957இல் சுயேச்சையாக ஜெயித்தார். அடுத்து 1962, 1967, 1971, 1977 என நான்கு தேர்தலிலும் நேதாஜி தொடங்கிய பார்வர்ட் பிளாக் கட்சியின் வேட்பாளராக ஜெயித்தார். காங்கிரஸ் ஆண்டபோதும் அவர்தான், தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோதும் அவர்தான், எம்.ஜி.ஆர். வந்தபோதும் அவர்தான். 1967இல் புதிய சட்டமன்றம் கூடியபோது தற்காலிக சபாநாயகராக இருந்து உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். 1971இல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலும் ஜெயித்து டெல்லி போனார். 1974இல் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்ததை எதிர்த்து மக்களவையில் பேசியவர்களில் அவரும் ஒருவர். உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் மூன்று இடங்களிலும் பசும்பொன் தேவர் பெயரில் இருக்கும் கல்லூரிகளுக்குப் பின்னால் இருந்த உழைப்பும் அவருடையது. 1979இல் காலமானார். உசிலம்பட்டியைக் கோட்டை என்று சொல்லும் பழக்கம் இந்த இருபத்தி சொச்சம் வருடத்தில் வந்ததுதான்.

அப்புறம் நடந்ததைத்தான் சித்தப்பா கவனிப்பதே இல்லை. 1989இலிருந்து 2021 வரை எட்டு பொதுத்தேர்தல். ஜெயித்தவர்கள் ஏழு பேர். வல்லரசு, பாண்டியம்மாள், மறுபடி வல்லரசு, சந்தானம், மகேந்திரன், கதிரவன், நீதிபதி, அய்யப்பன். ஒருவரைக்கூட அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பவில்லை. வல்லரசு திரும்பி வந்ததும் ஒரு தேர்தல் இடைவெளி விட்டுத்தான். அதுவும் 1989இல் உதயசூரியனில், 1996இல் பார்வர்ட் பிளாக்கின் சிங்கத்தில். எந்த ஊர்க் கோட்டையில் இப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாசல்காரரை மாற்றுவார்கள்?

நிலையாக நின்றது ஆள் இல்லை, சிங்கச் சின்னம். அதுவும் தனியாக நிற்கவில்லை. 1996இல் தி.மு.க. அணியில் பார்வர்ட் பிளாக்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். 2001இலும் 2011இலும் அ.தி.மு.க. அணியில் அதே ஒரு இடம். மூன்று முறையும் சிங்கம் ஜெயித்தது. பெரிய கட்சிகள் இரண்டுமே இந்த ஊருக்கு வரும்போது கொஞ்சம் ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கின்றன. மாமா இதைத்தான் பெருமையாகச் சொல்வார். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கூட்டணியில் ஒரு சீட்டோடு வந்தவர் ஆளுங்கட்சியிடம் எவ்வளவு பேரம் பேச முடியும்? வைகைத் தண்ணீரை இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய் என்ற ஒரே கோரிக்கையை எத்தனை தேர்தல் மேடையில் கேட்டிருக்கிறோம் என்று உசிலம்பட்டிக்காரர்களைக் கேட்டால் விரல் போதாது.

பெண் சிசுக்கொலை என்ற ஒரே விஷயத்துக்காக வெளியூர்ப் பத்திரிகைகள் இந்த ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1991இல், இதே தொகுதி பாண்டியம்மாளை சட்டமன்றத்துக்கு அனுப்பியது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அது அ.தி.மு.க. அலை வீசிய தேர்தல்தான், சரி. இருந்தாலும் சொல்ல வேண்டியதுதானே.

இப்போது மதுரை மேற்கு. 1967இல் தமிழ்நாடே உதயசூரியன் பக்கம் போன தேர்தலில் இங்கே ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் என். சங்கரய்யா. அமெரிக்கன் கல்லூரியில் படிக்கும்போதே, இறுதித் தேர்வுக்கு முன்னால் கைதாகி சிறைக்குப் போனவர். பிறகு 1977, 1980 இரண்டு முறையும் பக்கத்துத் தொகுதியான மதுரை கிழக்கில் ஜெயித்தார்.

1980 மேற்குத் தொகுதிக்குத் திருவிழா வருடம். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் தேர்தல். 1977இல் அருப்புக்கோட்டையில் நின்றவர் இந்த முறை மதுரை மேற்கைத் தேர்ந்தெடுத்தார். எதிரே தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கம். 21,066 ஓட்டு வித்தியாசத்தில் எம்.ஜி.ஆர். ஜெயித்து மறுபடி முதலமைச்சரானார். அடுத்த ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது, முதலமைச்சரே இந்த ஊர் எம்.எல்.ஏ.

சித்தப்பா கதையை இங்கேயே நிறுத்திவிடுவார். 1984க்குப் போகமாட்டார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்த தேர்தல் அது. மாநிலம் முழுக்க இரட்டை இலை. அந்த அலையிலும் மதுரை மேற்கு யாரை ஜெயிக்கவைத்தது தெரியுமா? நான்கு வருடத்துக்கு முன் எம்.ஜி.ஆரிடம் தோற்ற அதே பொன். முத்துராமலிங்கத்தை. 1989இலும் அவரையே. காற்றடிக்கும் பக்கம் சாயும் ஊர் என்று மாமா சொல்வது இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

அதே கதை இன்னொரு முறையும் நடந்தது. 2006இல் ஜெயித்த அ.தி.மு.க. உறுப்பினர் எஸ்.வி. சண்முகம் காலமானதால் 2007இல் இடைத்தேர்தல். காங்கிரசின் கே.எஸ்.கே. ராஜேந்திரன் ஜெயித்தார், தோற்றவர் அ.தி.மு.க.வின் செல்லூர் ராஜு. 2011இல் ராஜு ஜெயித்தார், 2016இலும், 2021இலும். 2017இல் அமைச்சராக இருந்த அவர், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டை மிதக்கவிட்டு, காற்றில் அவை கரைக்கு ஒதுங்கி, மாநிலமே சிரித்தது. தொகுதிக்காரர்களும்தான் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நான்கு வருடம் கழித்து அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். ஆக, தோற்றவரை ஞாபகம் வைத்திருக்கிற ஊர் மேற்கு. ஜெயித்தவரையே மறந்துவிடுகிற ஊர் உசிலம்பட்டி.

இந்த இடத்தில் யாராவது திருமங்கலத்தைக் கொண்டுவருவார்கள். அதையும் பார்த்துவிடுவோம். 2009 ஜனவரி இடைத்தேர்தலில் தி.மு.க.வின் லதா அதியமான் 39,266 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததும், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'திருமங்கலம் பார்முலா' என்ற சொல் பிறந்ததும் எல்லோருக்கும் தெரியும். அங்கே தோற்ற அ.தி.மு.க.வின் எம். முத்துராமலிங்கம் 2011இல் அதே தொகுதியில் ஜெயித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. மற்றபடி, ஒரே ஒரு இடைத்தேர்தலை வைத்து ஒரு தொகுதியை எடைபோடுவதில் எனக்கு விருப்பமில்லை.

நாற்காலிக் கணக்கில் பார்த்தால் மதுரை மாவட்டமே தனிதான். 1991இலிருந்து தொடர்ச்சியாக மூன்று சபாநாயகர்கள்: சேடப்பட்டி முத்தையா, மதுரை மேற்கில் ஜெயித்த பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், திருமங்கலத்தில் ஜெயித்த கா. காளிமுத்து. இதில் மேற்குக்கு ஒரு மதிப்பெண் போடலாம். சேடப்பட்டி தொகுதியோ 2008 மறுசீரமைப்பில் இல்லாமலே போய்விட்டது. அதே மறுசீரமைப்பில் உசிலம்பட்டி தேனி மக்களவைத் தொகுதிக்குள்ளும் திருமங்கலம் விருதுநகருக்குள்ளும் போயின. ஒரே மாவட்டம், கலெக்டர் ஒருவர்தான், ஆனால் எம்.பி.யிடம் மனு கொடுக்க ஆளுக்கொரு திசை.

சித்தப்பாவும் மாமாவும் ஒரு மாதம் வீடு மாற்றிக்கொண்டால் என்னவாகும் என்று யோசித்ததுண்டு. என்னைக் கேட்டால், தேர்தல் படிக்க நினைப்பவர் உசிலம்பட்டிக்கு வரட்டும். மேற்கில் ஆளைத் தெரிந்தால் முடிவு பாதி தெரிந்துவிடும். உசிலம்பட்டியில் ஆள், சின்னம், கூட்டணி மூன்றையும் தெரிந்துவைத்திருந்தாலும் ஏமாறலாம்.

2021இல் அப்படித்தான் ஆனது. 2011இல் சிங்கத்தில் ஜெயித்த பி.வி. கதிரவன் இந்த முறை தி.மு.க. அணியில் உதயசூரியனில் நின்றார். பெயருக்கும் சின்னத்துக்கும் பொருத்தம் என்னவோ அமோகம். 2006இல் இரட்டை இலையில் ஜெயித்த மகேந்திரன் டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க.வில் நின்றார். மூன்றாவதாக அ.தி.மு.க.வின் அய்யப்பன். மூன்று பேருமே ஐம்பதாயிரம் ஓட்டைத் தாண்டினார்கள், பழைய எம்.எல்.ஏ. இரண்டு பேரையும் தாண்டி அய்யப்பன் ஜெயித்தார். அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்த மாமா திண்ணையில் உட்கார்ந்து விரல் மையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ளே, மெஷின்ல மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ பாத்தேன். சிங்கத்தக் காணோம்."