அஞ்சல்வழிச் சதுரங்கம்: கணினியோடு ஆடுவதா, கணினியின்றி ஆடுவதா?

பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும், இரவில் கடலுக்குச் செல்வோரும் பகலில் கடையில் நிற்போரும் ஒரே நேரத்தில் பலகை முன் அமர்வது அரிது என்பதால், ஒரு நகர்த்தலுக்குப் பல நாள் அவகாசம் தரும் அஞ்சல்வழி ஆட்டம் இங்குள்ளவர்களுக்கு மிகவும் பொருந்தும். எந்தக் களத்தில் சேர்வது என்பதே கேள்வி.

1951இல் தொடங்கப்பட்ட சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு கணினியின் உதவியை அனுமதிக்கிறது. அங்கு ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சினை, அதாவது நல்ல நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் சதுரங்க மென்பொருளை, இயக்குவது ஏமாற்று ஆகாது. எந்த நிலையை ஆழமாக ஆராய்வது, எஞ்சினின் கணிப்பை எங்கே சந்தேகிப்பது என்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது. ஆயினும் உயர்நிலைப் போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன.

இலவசச் சதுரங்க இணையதளமான லிசெஸின் அஞ்சல்வழி ஆட்டத்தில் தொடக்க ஆட்ட (முதல் சில நகர்த்தல்கள் பற்றிய) நூல்களையும் பழைய ஆட்டங்களின் தரவுத்தளங்களையும் பார்க்கலாம். எஞ்சினைத் தொடக் கூடாது. மீறுவோரைக் கண்டறிய, அவர்களின் நகர்த்தல்கள் எஞ்சினின் தேர்வுகளோடு எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது ஒரு வழி. ஆனால் நாள்கணக்கில் யோசிக்கும் ஆட்டத்தில் நேர்மையான நல்ல நகர்த்தலையும் கணினி தந்ததையும் பிரித்தறிவது கடினம்; நெருக்கடியான ஓரிரு இடங்களில் மட்டும் கணினியை நாடுபவர் எளிதில் அகப்படுவதில்லை. இந்தக் குறை என்னை உண்மையாகவே வருத்துகிறது.

இருந்தும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் புதிதாக ஆடத் தொடங்கும் இளைஞர்களுக்கு லிசெஸையே பரிந்துரைப்பேன். தாமே கணக்கிடும் பழக்கம் அங்கேதான் வளரும். தொடக்க ஆட்டங்களை ஆய்வு செய்ய விரும்பும், நல்ல கணினி வைத்திருக்கும் மூத்த ஆட்டக்காரர்களுக்குக் கூட்டமைப்பின் போட்டிகள் ஏற்றவை.