லூப்பா, இம்பிளான்டா, மூன்று மாத ஊசியா? முதலில் உங்கள் மாதவிடாயைப் பாருங்கள்

கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குக்குப் போகும் பலர் வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அக்காவுக்கு லூப் ஒத்துவரவில்லை, மச்சாளுக்கு ஊசி போட்டு உடம்பு வைத்தது, ஆகவே எனக்குக் குளிசை என்பது கணக்கு. அக்காவின் இரத்தப்போக்கும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு சரிவரும்.

முதலில் தடுக்கும் திறன். ஒரு வருடத்தில் 1000 பெண்களை எடுத்தால், கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்புடன் கருத்தரிப்பவர்கள் ஏறத்தாழ 8 பேர், கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹோர்மோன் குச்சியான இம்பிளான்டுடன் 1 ஆள். மூன்று மாத ஊசியில் இது 40, குளிசையில் 70, கொண்டமில் 130 வரை போகும். மருந்து மோசம் என்பதால் அல்ல. ஊசித் திகதி தவறுகிறது, குளிசை மறந்துபோகிறது. லூப்பும் இம்பிளான்டும் யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருப்பதில்லை. அதனால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான் என்று நினைக்கிறோம். அவை பிரியும் இடம் இரத்தப்போக்கு.

செப்பு லூப்

இன்று பெரும்பாலும் போடப்படுவது டி வடிவ 380ஏ. உயரம் 36 மில்லிமீற்றர், அகலம் 32. தண்டில் சுற்றிய செப்புக் கம்பியும் இரு கைகளிலும் உள்ள செப்பு வளையங்களும் சேர்ந்து 380 சதுர மில்லிமீற்றர் பரப்பு. அதிலிருந்து கசியும் செப்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. சூல் வெளிவருவது நிற்பதில்லை, ஹோர்மோன் எதுவும் உடலுக்குள் போவதில்லை. சமயம் சார்ந்து ‘இது கருவைக் கலைப்பதா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லூப் முக்கியமாக வேலை செய்வது கரு உருவாவதற்கு முன்னரே.

இது 10 வருடங்கள் தாங்கும். மல்டிலோட் 375 என்ற இன்னொரு வகை 5 வருடங்களுக்கானது. ஆகவே எந்த வகை, என்றைக்குப் போட்டது என்ற இரண்டையும் கிளினிக் அட்டையில் எழுதி வாங்குங்கள். பின்னாளில் வேறு வைத்தியரிடம் போகும்போது அந்த ஒரு வரி இல்லாமல் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

இரத்தப்போக்கு: முடிவு இங்கேதான்

செப்பு லூப் போட்டபின் மாதவிடாய் இரத்தம் 20 முதல் 50 வீதம் வரை கூடலாம். வலியும் கூடும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள்தான் கடினம், பிறகு பலருக்குக் குறைகிறது. ஏற்கனவே மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும் பெண்ணுக்கு இது ஒரு தொல்லை மட்டுமே. ஆனால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாற்றுபவருக்கும், கட்டி கட்டியாகப் போகிறவருக்கும், ஏழு நாள் தாண்டியும் நிற்காதவருக்கும், இரத்தசோகை உள்ளவருக்கும் செப்பு லூப்பை நாங்கள் முதல் தெரிவாகச் சொல்ல மாட்டோம். போடுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது.

கூடிய இரத்தத்துக்கு வழி இருக்கிறது. வைத்தியர்கள் வழமையாகச் சொல்வது இபுபுரோபன் 400 மில்லிகிராம். இரத்தம் தொடங்கிய நாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பின், நாளுக்கு மூன்று முறை, ஐந்து நாள்வரை. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இந்த வகை மருந்தால் மூச்சுத்திணறல் வருபவர்கள் இதைத் தொடக்கூடாது. பனடோல் வலியைக் குறைக்கும், இரத்தத்தைக் குறைக்காது. இரும்புக் குளிசை குடிக்கிறவர்கள் சோறு முடிந்த கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள். தேயிலை, இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இம்பிளான்டின் சிக்கல் வேறு விதமானது. இரத்தத்தின் அளவு பொதுவாகக் கூடுவதில்லை, ஆனால் ஒழுங்கு போய்விடும். பத்து நாள் துளித்துளியாக, பிறகு இரண்டு மாதம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு வாரம். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாதவிடாய் நாட்களில் கோயிலுக்குப் போகாத பெண்களுக்கும், தொழுகையும் நோன்பும் விடுகிற பெண்களுக்கும் இது சின்ன விஷயமல்ல. திருவிழாவையோ நோன்பு மாதத்தையோ முன்கூட்டித் திட்டமிட முடியாமல் போகிறது. செப்பு லூப்பில் இரத்தம் கூடினாலும் மாத ஒழுங்கு பெரும்பாலும் மாறுவதில்லை. இதைக் கிளினிக்கில் யாரும் கேட்பதில்லை, நீங்களாகத்தான் யோசிக்க வேண்டும்.

ஏற்கனவே அதிகம் போகிறவர்களுக்கு ஹோர்மோன் லூப் என்ற மூன்றாவது வழி உண்டு. 52 மில்லிகிராம் லெவோநோஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன் உள்ள இது இரத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாயே நின்றுவிடுகிறது. அப்படி நிற்பதால் கேடில்லை, கெட்ட இரத்தம் உள்ளே தேங்குவதுமில்லை. விலைதான் தடை.

அடுத்த பிள்ளை எப்போது?

ஒரு வருடத்துக்குள் அடுத்த பிள்ளை வேண்டும் என்றால் மூன்று மாத ஊசியைத் தவிருங்கள். கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கச் சராசரியாக 10 மாதங்கள் ஆகலாம். லூப்பையோ இம்பிளான்டையோ எடுத்தால் அப்படித் தாமதம் கிடையாது. லூப் எடுப்பது, கருப்பை வாய்க்கு வெளியே தெரியும் அதன் நூலைப் பிடித்து இழுக்கும் ஒரு நிமிட வேலை. இம்பிளான்டை எடுக்க விறைப்பு ஊசி போட்டு, கையில் சிறிதாக வெட்ட வேண்டும். ஆழமாக வைக்கப்பட்டிருந்தால் தேடி எடுப்பது சிரமம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்குக் கார்பமசெபீன் அல்லது ஃபெனிடோயினோ எடுப்பவர்களுக்கு இம்பிளான்டின் பலன் குறையும். செப்பு லூப்புக்கு எந்த மருந்தும் குறுக்கே வராது.

போடும்போது நடப்பது

கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் செப்பு லூப்பை மாதத்தின் எந்த நாளிலும் போடலாம், அன்றே பலன் தொடங்கும். கருப்பை வாயைக் கிருமிநீக்கித் துடைத்து, மெல்லிய கோலால் கருப்பையின் ஆழத்தை அளப்பார்கள். 6 முதல் 9 சென்ரிமீற்றருக்குள் இருப்பது வசதி. டி-யின் கைகளைக் குழாய்க்குள் மடக்கி, ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே கொண்டுபோக வேண்டும். அதற்குமேல் மடங்கிக் கிடந்தால் கைகள் சரியாக விரியாது. உள் கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிக் குழாயைப் பின்னால் இழுப்பதே முறை. லூப்பை முன்னால் தள்ளினால் கருப்பைச் சுவர் துளைபடக்கூடும். இது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கிறது, தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கொஞ்சம் அதிகம். நூலை ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுவார்கள். மிகக் குட்டையாக வெட்டினால் நூல் விறைத்து நின்று கணவருக்குக் குத்தும்.

சிலருக்கு வியர்த்துத் தலை சுற்றும். உடனே எழும்பாதீர்கள், கொஞ்ச நேரம் படுத்திருங்கள். வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம்.

முதல் வருடத்தில் சுமார் இருபதில் ஒருவருக்கு லூப் தானாக வெளியேறுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில், மாதவிடாய் நேரத்தில். அதனால் மாதவிடாய் முடிந்ததும் கையைக் கழுவி, விரலால் நூலைத் தொட்டுப் பாருங்கள். நூல் நீண்டிருந்தால், அகப்படாவிட்டால், அல்லது கடினமான பிளாஸ்டிக் நுனி தட்டுப்பட்டால் கிளினிக்கில் காட்டும் வரை கொண்டம் பாவியுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு பரிசோதனைக்கும் போக வேண்டும்.

பிள்ளை பிறந்து 48 மணித்தியாலத்துக்குள், அல்லது நான்கு வாரத்துக்குப் பின் போடலாம். இடையில் வேண்டாம். காசல் வீதி, டி சொய்சா போன்ற மகப்பேற்று வைத்தியசாலைகளில் பேறு பார்க்கிறவர்கள், உடனே போட விருப்பம் என்றால் வலி தொடங்கும்வரை காத்திராமல் கர்ப்ப கிளினிக்கிலேயே கேட்டுவையுங்கள். பேற்றுடன் போடும் லூப் வெளியேறும் வாய்ப்புக் கூடுதல் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செப்பு லூப் யாருக்கு வேண்டாம்

காரணம் தெரியாத இரத்தப்போக்கு, கருப்பை உட்புறத்தை உருமாற்றும் நார்க்கட்டி, தற்போது உள்ள இடுப்புத் தொற்று, கிளமீடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகள், கருப்பை வாய்ப் புற்றுநோய், உடலில் செப்பு தேங்கும் வில்சன் நோய், செப்பு ஒவ்வாமை. பிள்ளை பெறாதவருக்கும் போடலாம், மலட்டுத்தன்மை வராது. அந்தப் பயத்தின் வேர் 1970களின் டல்கன் ஷீல்ட் லூப். பல இழை கொண்ட அதன் நூல் கிருமிகளை மேலே ஏற்றியது, 1974இல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. இன்றைய லூப்பின் நூல் ஒற்றை இழை. பால்வினைத் தொற்றை எந்த லூப்பும் தடுக்காது, அதற்குக் கொண்டம்தான்.

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் பலரும் பார்மசிக்கு ஓடிப் பொஸ்டினோர் என்ற அவசரக் கருத்தடைக் குளிசை வாங்குகிறார்கள். ஐந்து நாளுக்குள் செப்பு லூப் போட்டால் அதைவிடப் பலமடங்கு நம்பகமானது, பிறகு 10 வருடத்துக்கும் பாதுகாப்பு.

அரச கிளினிக்கில் லூப் போடப் பணம் இல்லை. உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலோ கிளினிக் நாளைக் கேளுங்கள். சிங்களத்திலும் ‘லூப்’ என்றே சொல்வார்கள். புல்லர்ஸ் லேனில், 1953இல் தொடங்கிய குடும்பத் திட்டமிடல் சங்கமும் இருக்கிறது.

போட்டபின் மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். லூப் இருக்கும்போது கருத்தரிப்பது அரிது, ஆனால் அப்படி நடந்தால் அது கருக்குழாய்க்குள் தங்கிய கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு மற்றக் கர்ப்பங்களைவிட அதிகம், ஸ்கேன் அவசியம். கர்ப்பம் கருப்பைக்குள்தான் என்றால், நூல் தெரிகிற ஆரம்பத்திலேயே லூப்பை எடுத்துவிடுவது நல்லது. விட்டுவைத்தால் கருச்சிதைவும் தொற்றும் கூடும். தள்ளிப்போன மாதவிடாயுடன் ஒரு பக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், லூப் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.